முதல் உருண்டை

ஏழு வயதில் நான் பொறாமைப்பட்டது எங்கள் வீட்டு நாயைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இருந்தார்கள். ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நாயின் பெயர் கருவாயன். உடம்பு செம்மண் நிறம், வாய் மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்ததுபோல் கறுப்பு. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே அது வீட்டுக்கு வந்துவிட்டதாம். அந்தக் கணக்கில் அது எனக்கு மூத்தது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஊர். சரிவு நிலத்தில் சாமையும் வரகும் போடுவோம். கதிர் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றி வரும். அப்பா ராத்திரிக்குக் காட்டில் பரண்மேல் போய்ப் படுப்பார். பரணுக்குக் கீழே கருவாயன் படுத்திருக்கும். விடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வருவார்கள். வரும் வழியில் அப்பா அதனோடு பேசிக்கொண்டே வருவார். என்னிடம் அவர் ஒரு நாளைக்குப் பேசுவதைவிட அந்த ஒரு நடையில் அதனிடம் அதிகம் பேசினார் என்பது என் கணிப்பு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் இருந்தது ஒன்றுதான். அதற்குப் 'புதுசு' என்று பெயர்.

அறுவடையான தானியத்தை முதல்முறை சமைக்கும் நாள்தான் புதுசு. அம்மா வாசலில் சாணி தெளித்து மெழுகுவாள். புதுத் தானியத்தைக் குத்தி, குழைய வேகவைத்து, வெல்லம் போட்டுக் கிளறுவாள். எங்கள் வீட்டில் வெல்லம் வெளியே வருவது ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான். அந்த வாசனை ஊரின் கோடிவரைக்கும் போகும். முதல் உருண்டையை அம்மா இலையில் வைத்து வாசலில் வைப்பாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவார். பிறகு கருவாயனைக் கூப்பிடுவார்கள். அது வந்து நிதானமாகத் தின்னும். தின்றுவிட்டுப் போய்ப் படுக்கும். அது தின்று, படுத்து, தூங்கி, எழுந்து உடம்பை உதறிய பிறகுதான் எங்களுக்கு இலை போடுவாள். அதுவரைக்கும் பானைக்கு மூடி. சின்னக் குழந்தை அழுதாலும் கொடுக்கக் கூடாது.

ஏன் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். காட்டைக் காவல் காத்தது அது, முதல் பங்கு அதற்கு. இன்னொன்றும் சொல்வார்கள்: புதுசில் தெய்வம் இருக்கிறது, அவசரப்பட்டு வாயில் போட்டால் தலை கிறுகிறுக்கும் என்று. எனக்கு இரண்டுமே ஏற்கும்படி இல்லை. நான் சித்தப்பாவிடம் முறையிட்டேன். அப்பாவின் தம்பி அவர், பக்கத்துக் குடிசையில் இருந்தார், எதையும் கேலியாக்காமல் விடமாட்டார்.

"நீயும் ராவெல்லாம் காட்டுல குந்திக்கினு கொரை. ஒனக்கும் மொத உருண்டதான். யாரு வேணான்னா?" என்றார்.

நான் ஒரு சாயங்காலம் வேலியோரம் போய் நின்று குரைத்தும் பார்த்தேன். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்து அழைத்துப் போனாள்.

அந்த ஆண்டு வரகு அறுத்துக் கட்டுகளாக அடுக்கிய நேரத்தில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. தழை வெட்டிப் போட்டு மூடினார்கள். மழை தழையைப் பொருட்படுத்தவில்லை. வெயில் வந்ததும் கட்டுகளைப் பிரித்துப் பாறைமேல் பரப்பிக் காயவைத்து அடித்தார்கள். அம்மா வரகை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனது எனக்கு நினைவிருக்கிறது. திரும்பப் போட்டுவிட்டு, இன்னொரு வெயில் காயட்டும் என்றாள். அந்த ஒரு வெயிலால் புதுசு ஒரு நாள் தள்ளிப்போனது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த கவலை.

புதுசன்று குளிர் விட்டு வெயில் ஏறியபோது உருண்டை வைத்தாள். கருவாயன் தின்றது. வழக்கமாக இலையையும் நக்கும், அன்றும் நக்கியது. புளியமரத்தடியில் போய்ப் படுத்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து அது எப்போது எழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதுத் தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு பானையைக் காட்டிக் காட்டி அழுதான்.

நெடுநேரம் கழித்துக் கருவாயன் எழுந்தது. முன்கால் இரண்டையும் ஊன்றியது, பின்பக்கம் சரிந்து விழுந்தது. மறுபடி எழப் பார்த்தது. நாலு எட்டு கோணலாக வைத்து வேலியில் முட்டிக்கொண்டு விழுந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது. அப்பா கூப்பிட்ட குரலுக்கு அது திரும்பிப் பார்க்கவில்லை. கண் விரிந்து வேறெங்கோ பார்த்தது.

முதலில் ஓடி வந்தது சித்தப்பா. பார்த்த உடனே கேலியெல்லாம் போய்விட்டது. "அண்ணா, தள்ளி வா. வெறி புடிச்சிக்கீது" என்று உலக்கையை எடுத்துவிட்டார். நேற்றுவரை நன்றாக இருந்த நாய்க்கு எப்படி வெறி பிடிக்கும் என்று அப்பா கேட்டார். வெறி சொல்லிவிட்டா வரும் என்றார் சித்தப்பா. ஊரில் சின்னப் பிள்ளைகள் நிறைய, இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் யாரையாவது கடித்துவிடும் என்று இன்னும் இரண்டு பேர் கழியோடு வந்தார்கள். அப்பா நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் யாரும் உலக்கையை ஓங்க முடியவில்லை.

அந்த நேரத்தில் பூசாரி வந்தார். சுற்றி நின்றவர்களை விலக்கிவிட்டு நாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அது நடுங்கிய விதத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை, அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார். திருநீறு எடுத்து அதன் நெற்றியில் போட்டுவிட்டு, கைகட்டி மரியாதையாகக் கேட்டார்.

"தாயே, யாரு நீ? இன்னா கொறை வச்சோம்? சொல்லிடு."

கருவாயன் நடுங்கியது. எதுவும் சொல்லவில்லை.

எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. முதல் உருண்டை அதற்கு. அப்பாவின் மடி அதற்கு. கடைசியில் அம்மனும் அதன் மீதுதான் வந்திருக்கிறாள். திருவிழாவில் சாமி வந்த அத்தைகளைச் சுற்றி எல்லோரும் கைகட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருமுறை எனக்கும் வராதா என்று பம்பைச் சத்தத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றும் இருக்கிறேன். ஒன்றும் வந்ததில்லை.

அப்பா பூசாரிக்கும் சரி என்றார், சித்தப்பாவுக்கும் சரி என்றார். அன்று கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு ஜீப் ஒன்று கீழே போகவிருந்தது. கீழ் ஊரில் மாட்டு ஆஸ்பத்திரி இருந்தது. அப்பா கம்பளியில் நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். நான் அதுவரை ஜீப்பில் ஏறியதே இல்லை. நாய் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் மண்ணில் விழுந்து புரண்டேன். கூட்டத்தில் என்னை அடக்க யாருக்கும் நேரமில்லை. "அதையும் இட்டுக்கினு போ" என்றாள் அம்மா.

புறப்படும்போது அப்பா திரும்பி அம்மாவிடம் சொன்னார்: "நாங்க வர லேட்டாவும். புள்ள பசியில கீறான். நீங்க சாப்ட்டுடுங்க." அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஜீப்பில் முன்சீட்டில் அப்பா உட்கார்ந்தார், அவர் மடியில் கருவாயன். என்னைப் பின்னால் கடுக்காய் மூட்டைமேல் தூக்கிப் போட்டார்கள். டிரைவர் வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, நாய மடியில வச்சிக்கினு பொண்ண மூட்ட மேல போட்டுக்கினியே! பாப்பா மூஞ்சப் பாரு. எறங்குறதுக்குள்ள நாயக் கடிச்சிரும்போல கீதே."

அப்பா சிரிக்கவில்லை. கருவாயனின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். டிரைவர் சொன்னதில் பாதி உண்மை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாட்டு ஆஸ்பத்திரி முற்றத்தில் மாடுகள் கட்டியிருந்தன. மருந்து வாசனையும் மூத்திர வாசனையும் கலந்து வந்தது. டாக்டர் கண்ணாடி போட்டவர், சமவெளிக்காரர், நிறுத்தி நிதானமாகப் பேசினார். நாயைக் கீழே விடச் சொல்லிவிட்டு எட்டி நின்றே பார்த்தார். வேறு நாய் கடித்ததா, தண்ணீர் குடித்ததா, குரல் மாறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் இல்லை, தெரியாது என்று பதில் சொன்னார்.

"இன்னிக்கு என்ன தின்னுச்சு?"

"ஒண்ணும் தின்னலீங்க சார்."

"காலைல எதுவும் போடலையா?"

"இல்லீங்க சார். ராத்திரி களி தின்னது. அத்தோட சரிங்க."

அப்பா பொய் சொல்லவில்லை. நாய்க்குப் போடுவது வேறு, புதுசன்று வாசலில் மெழுகி இலை போட்டு வைப்பது வேறு. முன்னது தீனி, பின்னது படையல். கோயிலில் வைத்த பொங்கலைச் சாமி தின்றது என்று யாராவது சொல்வார்களா? அப்பாவின் மனதில் இரண்டும் ஒரே கணக்கில் வரவே இல்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெறியாக இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்றார். நாயை இங்கேயே கூண்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். செத்துப்போனால் தலையைச் சோதனைக்கு அனுப்புவார்கள். எச்சில் பட்டவர்கள் எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவின் வேட்டி, துண்டு, கை எல்லாம் எச்சிலாக இருந்தது. தன் கைகளை அப்போதுதான் பார்ப்பவர்போல் அப்பா பார்த்தார். பிறகு, "கூண்டுல வேணாங்க சார். வூட்லயே கட்டிப் போட்டுக்கறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.

அதைக் கேட்டதும்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. இத்தனைக்குப் பிறகும் அதற்காகக் குரல் உடைகிறது! நான் டாக்டரைப் பார்த்துக் கத்தினேன்.

"பொய்யி! அதுக்குத்தான் எல்லாமே குடுக்கறாங்க! மொத உருண்டயும் அதுக்குத்தான் குடுத்தாங்க! வெல்லம் போட்டு! எங்களுக்கு இன்னும் குடுக்கல!"

அப்பா என் வாயைப் பொத்த வந்தார். டாக்டர் அவரைத் தடுத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். "என்ன உருண்டை பாப்பா? சொல்லு" என்றார்.

என் முறையீட்டைக் கடைசிவரை கேட்ட முதல் பெரிய மனிதர் அவர். நான் ஒன்றையும் விடவில்லை. வரகு, வெல்லம், மெழுகிய வாசல், அப்பா கும்பிட்டது, அது இலையை நக்கியது, தூங்கி எழுந்தால்தான் எங்களுக்குச் சோறு என்பது, நான் வேலியோரம் குரைத்தது வரைக்கும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடந்த அநியாயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் எழுந்து அப்பாவிடம் கேட்டார். "அறுத்த வரகு மழைல நனைஞ்சுதா?"

"நனஞ்சிதுங்க சார். கட்டு போட்டு வச்சிருந்தப்ப."

"நனைஞ்ச வரகுல சில சமயம் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். பார்த்தா தெரியாது. தின்னா இப்படித்தான் நடுங்கும், நிக்க முடியாது, மயக்கமா வரும். எங்க ஊர்ப் பக்கம் மாடு இப்படி விழுந்து பாத்திருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்ல யாராவது அதைச் சாப்பிட்டீங்களா?"

அப்பாவின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். நாய் விழுந்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

"கைக்கொழந்த கீதுங்க சார்" என்றார்.

டாக்டர் கருவாயனுக்கு அவசரமாக ஓர் ஊசி போட்டார். தண்ணீர் குடித்தால் பிழைத்துக்கொள்ளும், நீ முதலில் வீட்டைப் பார் என்றார். அப்பா நாயை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் அள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்கு விரைந்தார். டிரைவர் மேலே கொண்டுபோக உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பார். டிரைவர் ஏற்றியவரை போதும் என்று பின்கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினார். மலை ஏறும்போது டிரைவர்கூடக் கேலி செய்யவில்லை. ஒரு நாயைச் சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோக இத்தனை வேகமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதை. ஜீப் நின்றதும் அப்பா செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. கருவாயனைப் புல்லில் இறக்கிவைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லவும் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறி ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பன்றி வந்தபோதும் அவர் நடந்துதான் போவார்.

டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு அப்பா போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவாயனும் நானும் புல்லில் இருந்தோம். முதல்முறையாக எங்கள் இருவரையும் ஒரேபோல விட்டுவிட்டுப் போயிருந்தார் அப்பா. அது தலையை என் காலில் வைத்தது. தள்ளினேன். மறுபடி வைத்தது. அப்புறம் நான் தள்ளவில்லை.

டிரைவர் கம்பளியோடு நாயைத் தூக்கிக்கொள்ள, நான் பின்னால் நடந்தேன். வீட்டை அடைந்தபோது அப்பா வாசலில் உரல்மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துண்டால் மூடியிருந்தார், தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் பானை இருந்தது. மூடி போட்டபடி இருந்தது. அம்மா பக்கத்து வீட்டுக் கேழ்வரகுக் களியைக் கரைத்துத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நாய் எழுந்து ஒதறவே இல்லியே. எப்டி சாப்புடறது?" என்றாள் அம்மா. அப்பா ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பதே அவளுக்குப் புரியாததுபோல் இருந்தது. "நீ சொன்னா சாப்ட்டுடுவனா?"

அப்பா பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டிக் கொட்டி, மேலே கல் வைத்தார். வீட்டிலிருந்த வரகு அத்தனையையும் இன்னொரு குழியில் கொட்டினார். வெல்லம் போட்ட பொங்கல் மண்ணுக்குப் போவதைப் பார்த்து நான் அழுதேன். நாய்க்குக் கிடைத்தது, மண்ணுக்கும் கிடைத்தது, எனக்கு மட்டும் இல்லை. சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். என்ன காரணத்தாலோ அன்று அவர் ஒரு கேலியும் செய்யவில்லை.

மறுநாள் கருவாயன் தண்ணீர் குடித்தது. அதற்கு அடுத்த நாள் எழுந்து நின்று உடம்பை உதறியது. அம்மன் இறங்கிப் போய்விட்டாள் என்று பூசாரி சொன்னார். அதையும் அப்பா சரி என்றே கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அறுவடையில் மழை இல்லை. வரகு பாறையில் கலகலவென்று காய்ந்தது. புதுசன்று அம்மா வாசல் மெழுகி, இலை போட்டு, முதல் உருண்டையை வைத்தாள். அப்பா கும்பிட்டார். கருவாயன் வந்து முகர்ந்தது. இலையைச் சுற்றி ஒருமுறை வந்து, மறுபடி முகர்ந்தது. பிறகு திரும்பிப் போய்ப் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டது. எத்தனை கூப்பிட்டும் வரவில்லை.

"அதுக்குப் புத்தி வந்துடிச்சி" என்றார் சித்தப்பா.

 நாய் வேண்டாம் என்றுவிட்டது, அப்படியானால் முதல் உருண்டை அடுத்து யாருக்கு? வீட்டில் அதற்கு அடுத்து மூத்த பிள்ளை நான்தான். நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். அப்பா குனிந்து இலைக்குக் கை நீட்டினார். அம்மா அதற்குள் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்கு அப்புறம்" என்றாள் அப்பாவிடம். இடுப்பில் இருந்த தம்பியை இறக்கி என் மடியில் வைத்தாள். வாசலிலேயே உட்கார்ந்து முழு உருண்டையையும் தின்றாள். தின்றபின் உள்ளே போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள்.

அப்பா அன்று காட்டுக்குப் போகவில்லை. பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா வாசலுக்கும் ரோட்டுப் பாதைக்கும் நடந்துகொண்டிருந்தார். தம்பி பாலுக்கு அழுதான். எந்த அழுகைக்கும் எழுந்து மடியில் போட்டுக்கொள்ளும் அம்மா அன்று அவனைக் கிட்டே விடவில்லை. "அப்புறம் தர்றேன், எடுத்துக்கினு போ" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். கருவாயனிடம்தான் முறையிட்டேன். இத்தனை நாள் நீ, இப்போது அம்மா. அதுவும் இலையை வழித்துத் தின்றுவிட்டு, ஆடாமல் அசையாமல் படுத்திருக்கிறாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கருவாயன் வாலைக்கூட ஆட்டவில்லை. வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்து சரிந்த பிறகு அம்மா எழுந்தாள். வாசலுக்கு வந்து நின்றாள். நடந்து பார்த்தாள். கூந்தலை உதறி முடிந்துகொண்டாள். தம்பியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் இலை எடுத்துவரச் சொன்னாள்.

முதலில் எனக்குத்தான் வைத்தாள். மற்ற எல்லோருக்கும் வைத்ததைவிடப் பெரிதாக இருந்தது அது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தின்றேன். எத்தனை பெரிதாக இருந்தால் என்ன, அது இரண்டாவது உருண்டை.